தங்கச்சியின் புள்ளடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சங்கக்கடையில் சீனி நிறுவையில் குறைந்தால், வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். கிராம சேவகரின் ஒரு கையெழுத்துக்காக மூன்று தரம் அலைந்தால், நாலாம் தரம் அவருடைய மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அப்படிப்பட்ட நான், பேசியே ஆக வேண்டிய ஓரிடத்தில், கிட்டத்தட்ட இரண்டு வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒரு துண்டு மணல். இந்தப் பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளைக்குரியது. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். அம்மாவும் தன் கடற்கரை வளவில் எனக்கொரு வீடு, தங்கச்சிக்கொரு வீடு கட்டித் தந்தா. "இது மூத்தவளுக்கு, அது இளையவளுக்கு" என்று வாயால் சொன்னதோடு சரி. தனித்தனியாகக் காணி உறுதி எழுதவில்லை. ஊருக்கே தெரிந்த விசயத்தை எதற்கு எழுத வேண்டும் என்று இருந்துவிட்டோம். வளவு அம்மாவின் பெயரிலேயே கிடக்க, அம்மா ஒருநாள் கண்ணை மூடிவிட்டா.

சுனாமியாகக் கடல் வந்த காலையில் இரண்டு வீடும் போயின. தங்கச்சியின் மாப்பிள்ளை கரைவலைக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் அவரை எடுத்தார்கள். நாலு வயது மகளோடு பள்ளிக்கூட மாடியில் ஏறித் தப்பியிருந்தாள் தங்கச்சி. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. மகளின் சட்டையைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டேயிருந்தாள், அழவில்லை.

முகாமில் இருந்தபோது ஊருக்கென்று ஒரு புனர்வாழ்வுக் குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவர், எங்கள் பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கும் தங்கச்சிக்கும் கணக்குப் படிப்பித்தவர். ஊரே அவரை அதிபர் என்றுதான் சொல்லும். ஒருநாள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நிவாரணம் சுணங்காமக் கிடைக்க வேணுமெண்டா ரெண்டு பேரும் ஒரே குடும்பமெண்டு காட்டுறதுதான் நல்லம். இதில ஒரு கையெழுத்து வை புள்ள."

நான் வைத்தேன். சீனி நிறுவையை எட்டிப் பார்க்கிற நான், அந்தக் கடிதத்தை வாசிக்கவில்லை. படிப்பித்த மனிதர் நீட்டும்போது வாசித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன்.

கடற்கரையில் மீண்டும் கட்டக்கூடாது என்றார்கள். வாவிப் பக்கம் காணி ஒதுக்கி, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் உதவியில் வீடுகள் வந்தன. எனக்கு ஒன்று கிடைத்தது. தங்கச்சிக்குக் கிடைக்கவில்லை. ஒரு வளவுக்கு, ஒரு குடும்பத்துக்கு, ஒரு வீடுதான் என்றார்கள். "அடுத்த பட்டியலில வரும்" என்று அதிபர் சொன்னார். என் புது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று போட்டு அவளும் மகளும் இருந்தார்கள். காலையில் இடியப்பம் அவித்து விற்றாள். வெயில் காலத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே மனிசர் இருக்க முடியாது. என் வீட்டுக்குள் வந்து படு என்றால், "உன்ட வீட்டில எவ்வளவு நாளைக்குக்கா?" என்பாள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண், கூடப்பிறந்தவளின் வீட்டில் ஒட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு வெட்கம் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத்தான் தெரியும்.

மூன்று வருசம் போய்விட்டது. வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்தது, எங்கள் பக்கம் ஓய்ந்திருந்தது. மாகாண சபைத் தேர்தல் என்று சுவரெல்லாம் முகங்களை ஒட்டினார்கள். நேற்று வரை துவக்கோடு திரிந்தவர்களில் சிலரும் வெள்ளை வேட்டி கட்டிக் கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள். நாங்களும் கும்பிட்டோம், வேறென்ன செய்வது? எங்கள் அதிபர் ஒரு சுயேச்சைக் குழுவில் நின்றார். அவர்களுக்குக் கேத்தல் சின்னம் கிடைத்திருந்தது. "கேத்தல் கொதிச்சா ஊருக்கே தேத்தண்ணி" என்று இளந்தாரிகள் பகிடி பண்ணிக்கொண்டே நோட்டீஸ் கொடுத்தார்கள்.

என் வீட்டில் அதுவரைக்கும் வாக்கு என்பது ஆண்கள் சொல்கிற விசயம். அப்பா இருக்கும்வரை அப்பா சொன்ன சின்னம், பிறகு என் வீட்டுக்காரர் சொன்ன சின்னம். இடையில், போடவே கூடாது என்று துவக்குக்காரரின் கட்டளை வந்த காலமும் இருந்தது. அப்போது போடாமல் இருந்தோம். இந்த முறை ஊரே ஒன்றாகச் சொல்லப்போகிறது என்றார்கள்.

கோயிலுக்கு வரச் சொல்லி அறிவித்தார்கள். எங்கள் கண்ணகை அம்மன் கோயில் வருசத்துக்கு ஒரு தரம், வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கும். மற்ற நாட்களில் பூட்டித்தான் கிடக்கும். அந்தத் தேர்தல், கதவு திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னால் வந்தது. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிறவரை நாங்கள் வண்ணக்கர் என்போம். அவர் பூட்டிய கதவுக்கு முன்னால், மணலில் ஒரு தட்டை வைத்துக் கற்பூரம் கொளுத்தினார்.

"நம்மட ஊரில இருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் சபைக்கு உள்ளுக்குப் போகல்ல. வாக்கு நாலா பக்கமும் சிதறுறதாலதான் நமக்கு ஒண்டும் கிடைக்குதில்ல. இந்த முறை வீட்டுக்கு ஒராள் வந்து கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. வீட்டில உள்ள எல்லா வாக்கும் அதிபருக்கு."

கொழுந்துவிட்டு எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்தால், அது அம்மாளுக்குக் கொடுத்த வாக்கு. பொய்த்தால் குடும்பத்துக்கு ஆகாது. ஒவ்வொருவராகப் போனார்கள். என் வீட்டுக்காரர் தோணியில் போயிருந்ததால் நான் போய் அணைத்தேன். எனக்குப் பின்னால் தங்கச்சி வந்தாள். வண்ணக்கர் கையை மறித்தார்.

"நீ வேணாம் புள்ள. நீங்க ரெண்டு பேரும் ஒரு குடும்பம்தானே. அக்கா அணைச்சது போதும்."

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அந்தக் கிழமையிலேயே அதிபர் தங்கச்சியின் கொட்டிலுக்கு வந்தார். கவிழ்த்து வைத்த பெட்டியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "நான் உள்ளுக்குப் போனா முதலாவது வீடு உனக்குத்தான் புள்ள" என்றார். அவர் போனதும் அவள் நாலு தடிகளை எடுத்து வளவின் மூலையில் நட்டு, கயிறு கட்டிப் பார்த்தாள். இரண்டு அறை, ஒரு குசினி. "இவளுக்கும் ஒரு வீடு வேணுமெல்லகா. வீடில்லாம இவள ஆர் முடிப்பான்?" என்றாள். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. தங்கச்சி சிரித்து நான் பார்த்து மூன்று வருசத்துக்கு மேல். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கும். தங்கச்சியின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ உதவி கொடுப்பதாகத் தகப்பனின் மரணச் சான்றிதழ்ப் பிரதி கேட்டார்கள். தங்கச்சி இடியப்ப வேலையில் இருந்ததால் நான் பிரதேச செயலகத்துக்குப் போனேன். அங்கே என்னோடு படித்த ஒருத்தி லிகிதராக இருந்தாள். எங்கள் ஊரின் சுனாமிக் கோப்பைத் தூக்கிக்கொண்டுவந்து மேசையில் வைத்துத் தேடினாள். தேடிக்கொண்டு போனவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கோப்பை என் பக்கம் திருப்பினாள்.

வீட்டுப் பட்டியலின் முதல் பிரதி. அதில் தங்கச்சி தனிக் குடும்பமாக இருந்தாள். வீடு ஒன்று அவள் பெயரில் எழுதப்பட்டிருந்தது. அதன் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு. ஓரத்தில் அதிபரின் சுருக்கக் கையெழுத்து. எத்தனை கணக்குக் கொப்பியில் பார்த்த கையெழுத்து! கோட்டுக்குக் கீழே வேறொரு பெயர். அது அதிபரின் மருமகளுடையது, அவருடைய தங்கையின் மகள். அவள் கல்யாணம் முடித்துக் கொழும்பில் இருந்தவள், கடல் வந்தபோது ஊரிலேயே இல்லை. என் வீட்டிலிருந்து மூன்றாவதாக இருந்த அந்த வீட்டில் வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள். நாங்கள் யாரும் அது எப்படி வந்தது என்று கேட்டதேயில்லை.

அடுத்த தாள் என் கடிதம். "எனது தங்கையும் அவரது பிள்ளையும் என்னுடன் ஒரே குடும்பமாக வசிப்பதால் அவர்களுக்குத் தனி வீடு தேவையில்லை என்பதை இத்தால் அறியத்தருகிறேன்." கீழே என் கையெழுத்து, வளைவு நெளிவெல்லாம் அப்படியே.

"நான் காட்டினனெண்டு ஆருக்கும் சொல்லிராத" என்றாள் லிகிதர்.

நான் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன். அவர் திருடினார் என்பது ஒன்று. அந்தத் திருட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பது மற்றது. முதலாவதை உரக்கச் சொல்ல எனக்கு ஒரு நிமிசம் போதும். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதைச் சொல்ல முடியாது. அங்கேதான் என் நீண்ட வாய் மாட்டிக்கொண்டது.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். வலையின் பொத்தலைப் பின்னிக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"இப்ப சொன்னா அந்த மனிசன் தோற்பார். தோத்தா வீடும் வராது. வெண்டாரெண்டா, செஞ்ச பிழைக்காகவாவது குடுப்பார். அவளுக்குச் சொல்லாத. பேசாம இரு" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

அந்த முறை பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணும் நின்றா. மருத்துவமாதுவாக இருந்து ஓய்வு பெற்றவ, சுனாமிக்குப் பிறகு விதவைப் பெண்களுக்கு ஒரு சங்கம் நடத்தினவ. தங்கச்சியும் இரண்டு தரம் அந்தச் சங்கத்துக் கூட்டத்துக்குப் போயிருந்தாள், கோழிக்குஞ்சு கொடுக்கிறார்கள் என்று. நான் ஆள் விட்டு அந்த அம்மாவை வரச் சொன்னேன். வெயிலுக்குள் சைக்கிளில் வந்து என் வளவு வாசலில் இறங்கினா. நான் சுற்றி வளைக்கவில்லை.

"உங்களுக்குப் போட்டா என்ட தங்கச்சிக்கு வீடு எடுத்துத் தருவீங்களா?"

அந்த அம்மா சைக்கிளை வேலியில் சாய்த்து வைத்தா. "தருவனெண்டு சொல்ல ஏலாது புள்ள. மாகாண சபைக்கு அதுக்கு எவ்வளவு அதிகாரம் இரிக்கெண்டே எனக்கு இன்னும் சரியாத் தெரியாது. வீட்டுப் பட்டியல எல்லாருக்கும் முன்னால விரிச்சு வாசிக்கச் சொல்லிக் கேட்பன். அதைச் செய்வன். அவ்வளவுதான் என்னால சொல்லலாம்" என்றா.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கக்கூடாதா? எல்லோரும் அள்ளிக் கொட்டுகிற வாக்குறுதியில் ஒரு பிடியை எனக்கும் போட்டிருந்தால், நான் நிம்மதியாக வாக்குச் சீட்டில் புள்ளடி போட்டிருப்பேன். கொட்டில் வாசலில் நின்ற தங்கச்சி ஓடிவந்து அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். றோட்டால் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வாக்களிப்பு நாள் காலை பள்ளிக்கூடத்தில் வரிசை. வாசலில் துவக்கோடு படையினர். யார் யாரோடு வருகிறார்கள் என்று பார்க்கச் சந்தியில் இன்னும் சிலர். நான் முன்னால், தங்கச்சி பின்னால். அவள் குளித்துத் தலை சீவி, பெட்டிக்குள் வைத்திருந்த ஒரே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். கேத்தலுக்குப் புள்ளடி போட்டு, அதற்குப் பிறகு அந்தக் குழுவில் நமக்கு வேண்டிய ஆளின் இலக்கத்தில் விருப்பு வாக்கும் போட வேண்டும். அவள் என் முதுகில் மெல்லத் தட்டினாள்.

"அக்கா, அவர்ர இலக்கம் என்ன? மறந்திட்டன்."

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சொல்ல நேரம் இருந்தது. குனிந்து காதுக்குள் நாலே வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் அதிபரின் இலக்கத்தைச் சொன்னேன்.

உள்ளே போனேன். சின்ன விரலில் மை பூசினார்கள். மட்டை அடைப்புக்குள் போய் நின்று, நூலில் கட்டியிருந்த பென்சிலை எடுத்தேன். கேத்தலைப் பார்த்தேன். என் தங்கச்சியின் வீட்டைக் களவெடுத்த மனிதனுக்கு என் கையால் புள்ளடி போட முடியாது, அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. அந்த அம்மாவின் கட்சிக்குப் போட்டேன், அந்த அம்மாவின் இலக்கத்துக்கும் போட்டேன். தகப்பன் சொல்லாமல், புருசன் சொல்லாமல், ஊர் சொல்லாமல், நானே தேடித் தெரிந்து, நேரே கேட்டு, யோசித்துப் போட்ட முதல் வாக்கு அது. பெருமையாக இருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

வெளியே வந்து வேலியோரம் நின்றேன். தங்கச்சி மைவிரலை ஊதிக்கொண்டு வந்தாள். "போட்டிட்டன்கா" என்றாள், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைபோல. என் பெருமை அந்த இடத்திலேயே போய்விட்டது. நான் தெரிந்து போட்டேன், அவளைத் தெரியாமல் போட விட்டேன். எனக்குத் தலைக்கு மேல் கூரை இருந்தது, அதனால் மனச்சாட்சிப்படி போட எனக்கு வசதி இருந்தது. அவளுடைய வாக்கை நான்தான் போட்டேன் என்றும் சொல்லலாம்.

அதிபர் கொஞ்ச விருப்பு வாக்குகளால் தவறிப்போனார். அந்த அம்மாவும் தோற்றா. அந்த அம்மா தோற்றதைப் பற்றி ஊரில் யாருக்கும் கவலை இல்லை. அதிபர் தோற்றதில்தான் ஊருக்கே வெறி பிடித்தமாதிரி ஆயிற்று. சத்தியத்தை யார் பொய்த்தது? சாயங்காலங்களில் கடைவாசலில் இதே கதை. அடிக்குரலில் வேறொரு கதையும் ஓடியது. "கதவு பூட்டித்தானே கிடந்தது. பூட்டின கதவுக்கு முன்னால பண்ணினது எப்பிடிச் சத்தியமாகும்?" என்று என் காதுபட நாலைந்து பேர் சொன்னார்கள். அப்போதுதான் தெரிந்தது, பொய்த்தவள் நான் ஒருத்தி மட்டுமில்லை. நானும் அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

சில நாட்களில் சடங்கு வந்தது, கதவு திறந்தது. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அம்மாள். வண்ணக்கர் திரும்பி நின்று சொன்னார்.

"அண்டைக்குக் கற்பூரம் அணைச்ச குடும்பங்கள நான் சந்தேகப்படல்ல. அணைக்காத கை ஒண்டு இரிக்கி. அந்தச் சங்கத்துப் பொம்பிள தேடி வந்த வளவும் எது எண்டு எல்லாருக்கும் தெரியும். இப்ப கதவு திறந்திரிக்கி. வந்து அணைக்கட்டும்."

எல்லோரும் தங்கச்சியைப் பார்த்தார்கள். தேர்தலுக்கு முன்னால் "நீ வேணாம்" என்று தடுத்த அதே மனிதர்தான். சங்கத்து அம்மாவை வரச் சொன்னவள் நான். சத்தியத்தைப் பொய்த்தவளும் நான். ஆனால் என் கை கற்பூரம் அணைத்த கை, அதனால் சுத்தமான கை. தங்கச்சி என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் அவளுக்காகப் பேசுவேன் என்று எதிர்பார்த்தாள். ஊரில் எவரோடும் சண்டைக்கு நிற்கிற அக்கா அல்லவா? நான் கற்பூரத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் நேரே நடந்து போனாள். "அம்மாளாச்சி அறிய நான் கேத்தலுக்குத்தான் போட்டன். அவர்ர இலக்கத்துக்குத்தான் போட்டன்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தில் கையை வைத்தாள். மற்றவர்கள் அறைந்துவிட்டு எடுப்பார்கள், அவள் எடுக்கவில்லை. அணைந்த பிறகும் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் கொப்புளம் போட்டது. அந்தக் கையாலேயே அடுத்த நாளும் மா குழைத்து இடியப்பம் பிழிந்தாள்.

ஆனாலும் ஊர் முழுதாக நம்பவில்லை. கோயில் வாசலில் அவளுக்கு ஒரு ஒதுக்கம் இருந்தது, இடியப்பம் வாங்கவும் சிலர் வராமல் விட்டார்கள். அவள் அதற்கும் அதிபரிடம்தான் போய் நின்றாள். "சேர், நீங்களாவது என்ன நம்புங்க" என்று. அவர் பெரிய மனதோடு நம்பினாராம். அவள் வந்து அதைச் சொன்னபோது நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த வைகாசியில் வன்னியில் சண்டை முடிந்தது. சந்தியில் படையினர் பட்டாசு கொளுத்தினார்கள். ஊரில் பிள்ளைகளை அங்கே விட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சடங்குக்கு ஒலிபெருக்கி போட வேண்டாம் என்று யார் சொன்னார்களோ தெரியாது, போடவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் என் விசயம் எனக்கே சின்னதாகத் தெரிந்தது. உலகமே இடிந்து கிடக்கும்போது ஒரு வீட்டுப் பட்டியலைப் பற்றிப் பேசவா என்று தள்ளிப் போட்டேன். தள்ளிப் போடுவதற்கு அதைவிட நல்ல சாட்டு கிடைத்திருக்காது.

அதற்கு அடுத்த வருசம் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அதிபர் இந்த முறை பெரிய கட்சி ஒன்றில் இடம் பிடித்திருந்தார். மறுபடியும் கொட்டிலுக்கு வந்தார். மறுபடியும் தேத்தண்ணி. மறுபடியும் "முதலாவது வீடு உனக்குத்தான் புள்ள." தங்கச்சி கும்பிட்டாள். அவர் போன பிறகு, இடியப்ப உரலை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"அக்கா, இந்த முறை அவர்ர இலக்கம் என்னவாம்?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, மருமகளின் பெயர், என் கடிதம், என் கையெழுத்து, என் வாக்கு. சொல்லும்போதே அழுதேன். அவள் அழவில்லை. உரலைப் பிழிந்துகொண்டேயிருந்தாள், தட்டு நிறைந்த பிறகும்.

"வரிசையில நான் இலக்கம் கேட்கக்குள்ள உனக்கு இது தெரியுமாகா?"

"தெரியும்."

"கோயில்ல நான் கற்பூரத்தில கை வைக்கக்குள்ள?"

"தெரியும். என்ன மன்னிச்சிரு. நான் சொல்லியிருந்தா நீ அந்தக் கள்ளனுக்குப் போட்டிருக்க மாட்டாய்."

அவள் உரலைக் கீழே வைத்தாள்.

"போட்டிருப்பன்" என்றாள். "அப்பவும் அவருக்குத்தான் போட்டிருப்பன். எனக்கு வீடு வேணும். தாறனெண்டு சொன்னது அவர் ஒருத்தர்தான். அந்தம்மா நல்லவதான், ஆனா தாறனெண்டு சொல்லல்லயே. ஆனா நான் கள்ளனெண்டு தெரிஞ்சு போட்டிருப்பன். அவர்ர முகத்தப் பார்த்து, என்ட வீட்டத் தாங்க எண்டு கேட்டிருப்பன். இவ்வளவு காலமும் நான் என்ட வீட்டையே அவருக்கிட்ட பிச்சை கேட்டுக்கொண்டு திரிஞ்சிரிக்கன். ஒவ்வொரு தரமும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, கும்பிட்டு. நீ பார்த்துக்கொண்டிருந்திரிக்காய்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன், திட்டவும் இல்லை. மகளின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள். "அந்தக் கடிதத்த நீதானே குடுத்தாய். நாங்க ரெண்டு குடும்பமெண்டு இப்ப நீயே எழுது" என்றாள். எழுதினேன். அவள் அதை எடுத்து இரண்டு தரம் வாசித்த பிறகுதான் என்னிடம் கையெழுத்துக் கேட்டாள். அடுத்த நாள் அதைத் தானே பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோனாள். நானும் வாறன் என்றதற்கு வேண்டாம் என்றாள். விசாரிப்போம் என்று சொல்லி வாங்கி வைத்தார்களாம்.

வாக்களிப்பு நாளன்று விடியவே அவள் தனியாகப் போய்விட்டாள். நான் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவள் மைவிரலோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டு நின்றாள், பேசினாள், இடியப்பம் விற்று முடிந்துவிட்டது என்றாள். அதிபருக்குப் போட்டாளா, வேறு யாருக்காவது போட்டாளா, ஒருவருக்கும் போடாமல் தாளை மடித்துவிட்டு வந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.